சிறைப்பட்ட குமாரன்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



போரில் வென்றவனைப் பற்றிப் பேசுவார் பலர். போரில் மாண்டவனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டது நம் நாடு. ஆனால், வெல்லாமலும் மாளாமலும் பகைவர் கையில் அகப்பட்டவனுக்கு என்ன மரியாதை செய்வது என்பதை எந்நாட்டாரும் தெளிவாக அறிந்திருந்ததாகத் தோன்றவில்லை. சேரமான் கணைக்காலிரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்த காலத்தில், தண்ணீர் வேண்டிப் பெறாது, காலந்தாழ்த்துக் கொடுத்த நீரைப் பருகாமலே உயிர் நீத்தான் என்று புறநானூற்றுக் குறிப்புக் கூறுகின்றது. அவனைச் சிறை மீட்கும்பொருட்டே பொய்கையார் களவழி நாற்பது பாடினார் என்பது பரம்பரைச் செய்தி. அவனுக்கு ஒரு புலவராவது இருந்தார். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட கைதிக்காகப் பரிந்து பேச எவரும் இருந்திலர். அவருடைய தந்தையோ அக்காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரிய சேனையொன்றுக்கு அதிபதி.

யாகோவ் ஜுகாஷ்விலி என்பது அவர் பெயர். சோவியத் ருஷியாவின் சர்வாதிகாரியாக விளங்கிய ஸ்டாலினுடைய மூத்த குமாரர். 1907-ஆம் ஆண்டு பிறந்து, இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஜெர்மானியரிடம் கைதியாகி, 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் தேதி, பெர்லின் நகரத்துக்கு வடக்கேயுள்ள ஸாக்ஸன்ஹௌஸன் என்னும் சிறைமுகாமில், தம் முப்பத்தாறாம் வயதில் இறந்தார். ஸ்டாலினைப் போற்றுவாரும் தூற்றுவாரும் இச்சபையிலேயே இருக்கக்கூடும். அவர்தம் கொள்கையை ஆராய்வது நம் நோக்கமன்று. தந்தை, மகன், மருமகள், பேத்தி என்ற ஒரு குடும்பத்தின் கதையைக் குடும்பஸ்தர்களாகிய நீங்கள் கேட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லவேண்டும் என்பதே நம் விருப்பம்.

ஸ்டாலின் ஜார்ஜியா நாட்டவர். ஜுகாஷ்விலி என்பதே அவருடைய குலப்பெயர். 'ஸ்டாலின்' என்பது எஃகு என்னும் பொருள்பட அவர் பிற்காலத்தில் சூட்டிக்கொண்ட புனைபெயர். புரட்சிக் கூட்டத்தில் ஒளிந்து திரிந்த நாளில் கேத்தோ ஸ்வானிட்ஸே என்னும் பெண்மணியை மணந்தார். குழந்தை பிறந்த அதே 1907-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மாது நோயுற்று இறந்துபோனார். குழந்தைக்கு அப்பொழுது ஒரு வயதுகூட நிறையவில்லை. தந்தையோ தலைமறைவு, சிறை, சைபீரிய வனவாசம் என்று அலைந்துகொண்டிருந்தார். ஆதலால் யாகோவ் தம் தாயைப் பெற்ற வீட்டில், தாயின் உடன்பிறந்தாரால் வளர்க்கப்பட்டார். பதினான்கு வயது வரையில் தந்தையோடு வாழ்ந்தாரில்லை.

1921-ஆம் ஆண்டில் அவருடைய தாய்மாமன் அலெக்ஸாந்தர் ஸ்வானிட்ஸே என்பவருடைய தூண்டுதலால் சிறுவன் மாஸ்கோவுக்குத் தந்தையிடம் வந்து சேர்ந்தார். நம் வீடுகளில் தாய்மாமனுக்குள்ள உரிமையும் கடமையும் எத்தகையன என்று சொல்லவேண்டியதில்லை. தாயற்ற பிள்ளையைத் தகப்பனிடம் சேர்ப்பிப்பதும் அவன் கடமையே. அம்மாமனுக்கு நேர்ந்த கதியை இங்கேயே சொல்லிவிடுவது நலம். ஸ்டாலினுடைய ஆட்சியில் நிகழ்ந்த பெருங் களையெடுப்பின்போது, 1937-ஆம் ஆண்டில் அவர் கைது செய்யப்பட்டார். 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மைத்துனனைச் சுட்ட அந்த மாதத்தில் மருமகனாகிய யாகோவ் ஜெர்மானியச் சிறையில் இருந்தார். இச்செய்தி அவர் காதுக்கு எட்டியிருக்க இடமேயில்லை.

மாஸ்கோவுக்கு வந்தபொழுது யாகோவுக்கு ருஷிய பாஷை தெரியாது. வீட்டில் சிறிய தாயார் நாதேஷ்தா இருந்தார். அவர் யாகோவைவிட ஆறு வயதே மூத்தவர், அன்புள்ளவர். அவருக்கு வாஸிலி என்று ஒரு மகனும் ஸ்வெத்லானா என்று ஒரு மகளும் பிறந்தனர். யாகோவ் சாந்த சுபாவம் உள்ளவர் என்றும், அதிகம் பேசமாட்டார் என்றும், தமையனிடம் தனக்கு மிகுந்த பிரியம் என்றும் அத்தங்கை பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தந்தைக்கோ இம்மகனுடைய சாந்தமே பிடிக்கவில்லை. எஃகு என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு மெழுகு போன்ற பிள்ளை வாய்த்தது போலும்!

யாகோவ் வாலிபராயிருந்தபொழுது ஒரு பெண்ணை விவாகம் செய்துகொள்ள எண்ணியதும், தந்தை அதனைக் கடுமையாக எதிர்த்ததும், மனமுடைந்த யாகோவ் துப்பாக்கியால் தம் மார்பில் சுட்டுக்கொண்டதும் நடந்தன. குண்டு உயிரைப் போக்கவில்லை. நெடுநாள் நோய்ப்படுக்கையில் கிடந்தார். மகன் பிழைத்த செய்தியைக் கேட்ட தந்தை, குறி பார்த்துச் சுடக்கூடத் தெரியாதவன் என்று ஏளனம் செய்தாராம். இதுவும் மகள் ஸ்வெத்லானாவின் வாய்மொழியே. பிள்ளைகள் கல்யாண விஷயத்தில் பெற்றோர் பிடிவாதம் காட்டுவது ருஷியாவுக்கு மட்டும் உரியதன்று. நம்மவர் வீடுகளிலும் நாம் காணாததன்று. ஆனால் சாவின் வாசலிலிருந்து திரும்பிய பிள்ளையை எள்ளி நகையாடும் மனத்தை நம்மால் அளந்தறிய முடியவில்லை.

பிற்பாடு யாகோவ் லெனின்கிராடு சென்று சிறிய தாயாரின் பெற்றோர் வீட்டில் சிலகாலம் தங்கினார். பின்னர் மாஸ்கோவில் ரயில்வே போக்குவரத்துக் கலாசாலையில் எஞ்சினீயர் கல்வி பயின்றார். சிலகாலம் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தார். அதன்பின் பீரங்கிப் படைக் கலாசாலையில் சேர்ந்து 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் தேர்ச்சி பெற்று வெளிவந்தார். இதற்கிடையில் ஒடெஸ்ஸாவில் வளர்ந்த யூலியா மெல்ட்ஸர் என்னும் யூத மாதை மணந்து, 1938-ல் கலீனா என்ற பெண் குழந்தைக்குத் தகப்பனாரானார். இம்மணமும் தந்தைக்கு உவப்பானதன்று.

கலாசாலையை விட்டு வந்த மறுமாதமே, ஜூன் 22-ஆம் தேதி, ஹிட்லருடைய சேனைகள் ருஷிய எல்லையைக் கடந்தன. யாகோவ் பதினான்காம் டாங்கிப் படையைச் சேர்ந்த பீரங்கி ரெஜிமெண்டில் ஸீனியர் லெப்டினெண்டாக, ஒரு பீரங்கித் தொகுதியை நடத்தும் பொறுப்பில், போர்முனைக்குச் சென்றார். இளையவராகிய வாஸிலியோ விமானப் படையில் சேர்ந்து, 1942-ல் இருபது வயதிலேயே கர்னல் பதவி எய்தினார். மூத்தவருடைய பதவியையும் இளையவருடைய பதவியையும் ஒப்பிட்டுப் பார்த்தால், தந்தையின் செல்வாக்கு எவர் பக்கம் வீசியது என்பது விளங்கும். யாகோவ் சாதாரண அதிகாரியாகவே போனார்; சாதாரண அதிகாரிக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது.

அந்தக் கோடைகாலத்தில் ஜெர்மானிய டாங்கிகள் இருபுறமும் பாய்ந்து சென்று பின்னால் கைகோத்து, நடுவே அகப்பட்ட ருஷியப் படைகளை வலையில் மீன்போல் வளைத்துக்கொண்டன. கீவ் நகரைச் சூழ்ந்த வளைப்பு ஒன்றில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்ததாக ஜெர்மானியர் கணக்குக் காட்டினர். வித்தெப்ஸ்க் நகருக்கு அருகில் நேர்ந்த வளைப்பில் யாகோவின் படையும் சிதறியது. ஜூலை 16-ஆம் தேதி, லியோஸ்னோ என்னும் ஊர்ப் பக்கத்தில், அவர் கைதியானார். போர் தொடங்கி ஒரு மாதமும் ஆகவில்லை.

அவர் தாமாகவே சரணடைந்தார் என்று சொல்வாரும், சூழ்ந்துகொண்டதால் வேறு வழியின்றி அகப்பட்டார் என்று சொல்வாரும் உளர். நம் அபிப்பிராயம் பின்னதையே சார்ந்தது. காரணம், பிடிபட்ட பின் அவர் நடந்துகொண்ட விதம். ஜூலை 18-ஆம் தேதி ஜெர்மானிய அதிகாரிகள் அவரை விசாரித்த பதிவு அவர்களுடைய தஸ்தாவேஜுகளில் கிடைத்திருக்கின்றது. உன் மனைவிக்குச் செய்தி அனுப்பட்டுமா என்று அவர்கள் கேட்டபொழுது, வேண்டாமென்று மறுத்துவிட்டார். பிழைப்பதற்காகச் சரணடைந்தவன் முதலில் விரும்புவது தான் பிழைத்திருக்கும் செய்தி வீட்டுக்கு எட்டவேண்டும் என்பதையன்றோ? அவர் மறுத்ததன் காரணத்தைப் பின்னால் நடந்தது விளக்கும்.

ஜெர்மானியருக்கு அவர் ஒரு பெரும் புதையலாயினார். அவர் படத்தை அச்சிட்டு, இவன் யார் தெரியுமா, ஸ்டாலினுடைய மகன், இவனே சரணடைந்துவிட்டான், நீங்களும் வாருங்கள் என்னும் பொருள்பட எழுதிய துண்டுப் பிரசுரங்களை ருஷியப் படைகளின்மேல் விமானங்களிலிருந்து மழைபோல் பொழிந்தனர். சட்டையின் கழுத்துப் பித்தான் கழன்று, தொப்பியின்றி, ஜெர்மானிய அதிகாரிகள் நடுவே நிற்கும் ஒரு மெலிந்த மனிதருடைய படம் அது. அப்பிரசுரம் மாஸ்கோவுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆகஸ்டு 16-ஆம் தேதி, அதாவது மகன் பிடிபட்டுச் சரியாக ஒரு மாதம் கழிந்தபின், ஸ்டாலின் கையெழுத்திட்ட 270-ஆம் இலக்கக் கட்டளை பிறந்தது. போர்க்களத்தில் பதவிச் சின்னங்களைக் களைந்தெறிந்து பகைவரிடம் சரணடையும் படைத்தலைவரும் அரசியல் அதிகாரிகளும் துரோகிகளாகக் கருதப்படுவர். அவர்களுடைய குடும்பத்தார் கைது செய்யப்படுவர். சரணடைந்த சிப்பாய்களின் குடும்பத்தாருக்குச் சர்க்கார் உதவி நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். அந்தச் சட்டம் சட்டமிட்டவருடைய வீட்டுக் கதவையும் தட்டிற்று. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மருமகள் யூலியா கைதாகிச் சிறை சென்றார். மூன்று வயதுக் குழந்தை கலீனா தாயைவிட்டுப் பிரிக்கப்பட்டு, அத்தை ஸ்வெத்லானாவின் பொறுப்பில் விடப்பட்டது. ஸ்வெத்லானாவும் அப்பொழுது பதினைந்து வயதுப் பெண்ணே. கணவன் பகைவர் சிறையில். மனைவி சொந்த நாட்டுச் சிறையில்.

இவ்விடத்தில் உங்களுள் சிலர் மனுநீதிச் சோழனை நினைப்பீர்கள். திருவாரூர்த் தெருவில் தன் மகன் ஏறிச் சென்ற தேர்க்காலில் கன்று மாள, ஆராய்ச்சி மணி கேட்ட மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலிலிட்ட வரலாறு நம் குழந்தைகளும் அறிந்தது. ஸ்டாலினைப் புகழ்வோர் சிலர் இவ்வொப்புமையைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். சற்று நின்று யோசித்தால் அது பொருந்தாது என்பது தெரியும். சோழன் மகன் அறியாமற் செய்ததாயினும், செய்கை ஒன்று நிகழ்ந்தது. ஓர் உயிர் போயிற்று. அவ்வுயிரின் தாய் வந்து நீதி கேட்டது. யூலியா என்னும் மாது செய்தது என்ன? அவர் கணவர் சாகாமல் உயிரோடு பிடிபட்டார் என்பது ஒன்றுதான். மேலும், சோழன் அப்பணியை ஏவலரிடம் விட்டானில்லை. ஏவப்பட்ட அமைச்சன் அது செய்யமாட்டாமல் தன்னுயிரை விட, மன்னன் தானே தேரேறினான் என்று பெரியபுராணம் கூறும். தண்டத்தின் பாரத்தைத் தன் கையால் தாங்கிய அரசனையும், நள்ளிரவில் போலீஸாரை அனுப்பும் அரசையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

ஆனால் நியாயம் பேசுவோர் மறுபக்கத்தையும் பேசவேண்டும். 1943-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி ஸ்டாலின்கிராடில் ஜெர்மானிய சேனாதிபதி பௌலஸ் ருஷியர் கையில் கைதியானார். அதற்கு முந்திய நாள்தான் ஹிட்லர் அவருக்கு பீல்டு மார்ஷல் பட்டம் அளித்திருந்தார். அந்தப் பட்டம் பெற்ற ஜெர்மானியர் எவரும் அதுவரையில் உயிரோடு பிடிபட்டதில்லை என்பதை நினைவூட்டிய சூசனை அது என்பர். அதன்பின், பௌலஸைக் கொடுத்து யாகோவைப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஜெர்மானியர் நடுநிலையாளர் மூலம் சொல்லியனுப்பினர் என்றும், ஸ்டாலின் மறுத்துவிட்டார் என்றும் கூறப்படுகின்றது. ஒரு லெப்டினெண்டுக்காக ஒரு மார்ஷலைக் கொடுப்பதா என்று அவர் சொன்னதாக வழங்கும் வாக்கியம் உலகெங்கும் பரவியிருக்கின்றது. வாக்கியத்தின் உண்மை எப்படியாயினும், ஜெர்மானியர் கைமாற்றம் பேசியதையும் தாம் பேரத்துக்கு இசையாததையும் அவரே தம் மகளிடம் கூறியதை மகள் எழுதிவைத்திருக்கிறார்.

இம்மறுப்பை நாம் குறை கூறமாட்டோம். அப்பொழுது ஜெர்மானியர் கையில் இருந்த ருஷியக் கைதிகள் லட்சோப லட்சம். ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு தாய், ஒரு தகப்பன் உண்டு. குடியானவன் தன் மகனை மீட்டுக்கொள்ள அவனிடம் பீல்டு மார்ஷல் எவரும் இல்லை. தன் மகனை மட்டும் மீட்டுக்கொண்டு வந்து வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றவர் மகன்களை மறுநாள் போருக்கு அனுப்பும் தலைவனை எந்தச் சேனை நம்பும்? ஆதலால் கைமாற்றத்தை மறுத்தது ஒரு தலைவனுக்குத் தகுந்த செயலே. மருமகளைச் சிறையிட்டதோ தகாத செயல். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, ஆகா என்று வியப்பதும், சீ என்று இகழ்வதும் ஆராய்ச்சியாகாது. கைமாற்றத்தின் மறுபாதியாகிய பௌலஸ் 1953-ல் விடுதலை பெற்று, 1957-ல் டிரெஸ்டன் நகரில் இறந்தார் என்பதையும் குறித்து மேலே செல்கிறோம்.

யாகோவைப் பல முகாம்களுக்கு மாற்றினார்கள். ஹம்மல்பர்க் என்னும் ஊரிலும், பின் வடகடற்கரைப் பக்கத்து லூபெக் நகரத்து அதிகாரிகள் முகாமிலும் வைத்திருந்தனர். லூபெக்கில் போலந்து தேசத்து அதிகாரிகள் சிலர் அவருக்கு நண்பராயினர். எங்கு வைத்தபோதிலும், ஜெர்மானியர் விரும்பியது ஒன்றே: அவர் தந்தைக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவேண்டும், ருஷியர்களைச் சரணடையும்படி அழைத்து எழுதவேண்டும். அது நடக்கவில்லை. இதனை எளிதென்று எண்ணவேண்டாம். அடுத்த ஆண்டு ஜூலை மாதத்தில் பிடிபட்ட வ்லாசோவ் என்னும் ருஷிய ஜெனரல், மாஸ்கோவைக் காத்த வீரர்களுள் ஒருவர் என்று புகழ்பெற்றவர், ஜெர்மானியர் பக்கம் சேர்ந்து தம் நாட்டவர்க்கு எதிராகப் படை திரட்ட முன்வந்தார். அவர் 1946-ல் மாஸ்கோவில் தூக்கிலிடப்பட்டார். தந்தையால் ஏளனம் செய்யப்பட்டு, மாமனை இழந்து, மனைவியைச் சிறையில் விட்டு, தன் நாட்டுச் சட்டத்தாலேயே துரோகி என்று முத்திரையிடப்பட்டவருக்கு மனக்கசப்புக்கான காரணம் வ்லாசோவைவிடக் குறைவாகவா இருந்தது? ஜெனரல் வளைந்தார், லெப்டினெண்டு வளையவில்லை. மெழுகு என்று மேலே நாம் சொன்னோமே, அது தந்தையின் கண்ணுக்குத் தோன்றிய மெழுகு.

கடைசியில் அவரை ஸாக்ஸன்ஹௌஸன் முகாமுக்குக் கொண்டுவந்தனர். அது சாதாரணச் சிறைமுகாமன்று. 1941-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அங்கே பதினாயிரத்துக்கு மேற்பட்ட ருஷியக் கைதிகளை, உயரம் அளப்பதுபோல் பாசாங்கு செய்து சுவரோடு நிறுத்தி, சுவரிலிருந்த துவாரத்தின் வழியே பிடரியிற் சுட்டுக் கொன்றனர். யாகோவைப் போன்ற முக்கியமான கைதிகளுக்காக அம்முகாமில் வேலியிட்ட தனிப்பகுதி ஒன்று இருந்தது. அதில் அவரோடு கோகோரின் என்னும் மற்றொரு ருஷியரும், ஆங்கிலப் படையைச் சேர்ந்த சில கைதிகளும் வைக்கப்பட்டனர். கோகோரின் தம்மை ருஷிய வெளிநாட்டு மந்திரி மோலோதோவுடைய உறவினர் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சிறு குடிசையில் அடைபட்ட மனிதர்களுக்குள் நாளடைவில் சச்சரவு மூண்டது. கழிப்பிடத்தை அசுத்தம் செய்தது யார் என்ற விஷயத்தில் ஆங்கிலேயருக்கும் ருஷியருக்கும் வாய்ச்சண்டை முற்றியதாக விசாரணைப் பதிவுகளால் அறிகிறோம். இதனைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். நமக்கு நகைப்பு வரவில்லை. நெடுஞ்சிறையில் கிடப்பவனுக்குப் பதவி, பட்டம், நாடு, குடும்பம் எல்லாம் பறிபோனபின் மிஞ்சுவது தன் உடம்பைப் பற்றிய மானம் ஒன்றுதான். அதிலும் கைவைக்கப்பட்டால் அவன் வேறெதைப் பற்றிக்கொள்வான்?

ஏப்ரல் 14-ஆம் தேதி மாலை, உள்ளே போகவேண்டிய நேரம் வந்தபொழுது யாகோவ் குடிசைக்குள் போக மறுத்தார். மின்சாரம் பாய்ந்த கம்பி வேலியை நோக்கி நடந்தார். காவற்காரனை நோக்கி, நீ ஒரு சிப்பாய், என்னைச் சுடு என்று சொன்னாராம். வேலியில் கை வைத்தார், காவற்காரனும் சுட்டான். மின்சாரத்தால் மாண்டாரா, குண்டால் மாண்டாரா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார் என்று ஹிம்லர் தம் சர்க்காரின் வெளிநாட்டு மந்திரிக்கு எழுதினார். உடலை முகாமிலேயே எரித்துவிட்டனர். அவருக்குச் சமாதி இல்லை.

ஏன் அவ்வாறு செய்தார் என்பதற்குப் பல காரணங்கள் கூறுவர். வாய்ச்சண்டையின் மனவேதனை என்பார் ஒருவர். தந்தை தம்மைக் கைவிட்டார் என்ற செய்தி என்பார் மற்றொருவர். போலந்து அதிகாரிகள் ஆயிரக்கணக்கானவர் கத்தீன் காட்டில் ருஷியராற் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டதை ஜெர்மானிய ரேடியோ அறிவித்தது அதற்கு முதல்நாள், ஏப்ரல் 13-ஆம் தேதி. போலந்து நண்பர்களைப் பெற்றிருந்தவர் நாணத்தால் உயிர்விட்டார் என்பதும் ஒரு கொள்கை. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாம் துணியமாட்டோம். ஆனால் ஒன்றுமட்டும் சொல்லலாம். அவருக்குத் திரும்பிப் போக இடமில்லை. ஜெர்மனி வென்றால் பகைவரின் கைப்பொம்மை. ருஷியா வென்றால் 270-ஆம் கட்டளைப்படி துரோகி. எந்தப் பக்கத்துக் கதவும் திறவாத மனிதர், இருந்த ஒரே வேலியை நோக்கி நடந்தார்.

மகன் இறந்தது தந்தைக்குத் தெரியாது. போர் முடியும் தறுவாயில், 1945-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மார்ஷல் ஷூகோவ் ஸ்டாலினைப் பார்க்கப் போயிருந்தார். இருவரும் உலாவிக்கொண்டிருந்தபொழுது, தாம் கேட்க எண்ணி அஞ்சியிருந்த கேள்வியை ஷூகோவ் கேட்டார்: யாகோவைப் பற்றி ஏதேனும் செய்தி உண்டா? ஸ்டாலின் உடனே பதில் சொல்லவில்லை. நெடுநேரம் நடந்தபின், அவன் சிறையிலிருந்து மீளமாட்டான், அவர்கள் அவனைச் சுட்டுவிடுவார்கள் என்றும், தாய்நாட்டுக்குத் துரோகம் செய்வதைவிட எந்தச் சாவையும் அவன் மேலென்று கொள்வான் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னாராம். பிறகு உணவுமேஜைமுன் அமர்ந்து, உணவைத் தொடாமலே வெகுநேரம் மௌனமாக இருந்தார் என்று ஷூகோவ் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். இனிச் சுடுவார்கள் என்று தந்தை அஞ்சிக்கொண்டிருந்த மகன் இறந்து அப்பொழுது ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் துரோகம் செய்யமாட்டான் என்று அவ்வளவு நிச்சயமாக அறிந்தவர் மருமகளை ஏன் சிறையிட்டார் என்று நாம் கேட்கத்தான் வேண்டியிருக்கின்றது.

யாகோவின் கதை பெரிய இடத்துக் கதையாதலால் ஏட்டில் ஏறிற்று. ஏறாதவை எத்தனை! அம்மகாயுத்தத்தில் ஜெர்மானியர் பிடித்த ருஷியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 57 லட்சம் பேர். அவர்களுள் பட்டினியாலும் குளிராலும் நோயாலும் துப்பாக்கியாலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 33 லட்சம் பேர். அதே ஜெர்மானியர் கையில் அகப்பட்ட ஆங்கிலேய, அமெரிக்கக் கைதிகளுள் இறந்தவர் நூற்றுக்கு நால்வர் அளவே. போர்க் கைதிகளை நடத்தவேண்டிய முறைபற்றி 1929-ல் ஜினீவாவில் ஏற்பட்ட உடன்படிக்கையில் ருஷியா கையெழுத்திடவில்லை என்பதை ஜெர்மானியர் ஒரு சாக்காகக் கூறினர். கையெழுத்தில்லாத காரணத்தால் மனிதன் மனிதனாகாமற் போவானா? பிழைத்துத் திரும்பியவர்களையும் சொந்த நாடு சந்தேகக் கண்ணோடு வரவேற்றது. ஒவ்வொருவனும் விசாரணை முகாம்களில் சலிக்கப்பட்டான். பலர் அங்கிருந்து மீண்டும் கட்டாய உழைப்புக்கே அனுப்பப்பட்டனர். சிறைப்பட்டிருந்தான் என்ற குறிப்பு உத்தியோகத்துக்கும் படிப்புக்கும் பல ஆண்டுகள் குறுக்கே நின்றது. ஸ்டாலின் இறந்தபின் 1956-ல் அவர்கள் நிலைமை ஓரளவு சீர்பட்டது. எஞ்சியிருந்த குறைகளை நீக்கி அவர்களுக்கு முழு உரிமை அளிக்கும் ஆணை 1995-ல்தான் பிறந்தது. அதற்குள் ஐம்பது ஆண்டுகள் கழிந்து, அவர்களுட் பெரும்பாலோர் காலமாகிவிட்டனர்.

யாகோவுக்கு 1977-ஆம் ஆண்டில் தேசபக்த யுத்த விருதின் முதல் வகுப்பு, இறந்தபின் அளிக்கப்பட்டது. ஆனால் அவ்வாணை பகிரங்கமாக வெளியிடப்படவில்லை. கௌரவம் செய்வதையும் மறைத்துச் செய்த சர்க்கார் அது.

மனைவி யூலியா 1943-ஆம் ஆண்டில் விடுதலையானார். யாகோவ் சிறையில் கண்ணியமாக நடந்துகொண்டார் என்ற செய்தி எட்டியதே காரணம் என்பர். கணவர் இறந்த அதே ஆண்டு அது. தாயைப் பிரிந்தபொழுது மூன்று வயதாயிருந்த கலீனாவுக்கு அப்பொழுது ஐந்து வயது.

யாகோவின் மரணத்தைப் பற்றிய ஜெர்மானியக் காகிதங்கள் 1945-ல் ஆங்கிலேயர், அமெரிக்கர் கையில் சிக்கின. நட்பு நாட்டுத் தலைவருக்கு இத்தகைய செய்தியைச் சொல்வது சங்கடமென்று கருதி அவர்கள் ஸ்டாலினிடம் அவற்றைக் காட்டவில்லை. அவை பெட்டியிலேயே கிடந்தன. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் அவற்றின் பிரதிகளை மாஸ்கோவில் கலீனாவிடம் கொடுத்தது. அவருக்கு அப்பொழுது அறுபத்தைந்து வயது. தம் தந்தை பிடிபடவேயில்லை, போர்க்களத்திலேயே மாண்டார், ஜெர்மானியரின் படங்கள் எல்லாம் கட்டியமைத்தவை என்று வாழ்நாளெல்லாம் வாதாடிவந்தவர் அவர். காகிதங்களைப் பெற்றுக்கொண்டார். 2007-ல் இறக்கும் வரையில் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.